"பஞ்சி" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது: ஒரு மரதன் ஓட்டக்காரரின் மூன்று குளிர்காலங்கள்

கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் ஞாயிறுதோறும் கூடி ஓடும் எங்கள் சிறு குழுவில் ஒக்டோபர் மாதம் இருபது பேர் இருந்தால், ஜனவரியில் ஆறு பேர்தான் மிஞ்சுவோம். மற்றவர்களைக் கடையிலோ கோயிலிலோ காணும்போது ஏன் வருவதில்லை என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள்: "பஞ்சி." சோம்பல் என்பதற்கு எங்கள் பேச்சுவழக்குச் சொல் அது. நானும் பல ஆண்டுகளாக அந்த விடையை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தேன். குளிரில் ஓடுபவருக்கு மனவுறுதி உண்டு, ஓடாதவருக்கு இல்லை என்பதே என் கணிப்பாக இருந்தது. குழுவில் ஒருவருடைய மூன்று குளிர்காலங்களை, அவர் எழுதிவைத்த பயிற்சிக் குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்தக் கணிப்பு நிற்கவில்லை. அவருடைய சம்மதத்துடன் அந்த விபரங்களை இங்கே எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை மட்டும் தவிர்த்திருக்கிறேன்.

ஓட்டக்காரரும் ஊரும்

முதலாவது குளிர்காலம் தொடங்கியபோது அவருக்கு வயது 42. இரண்டு பிள்ளைகளின் தாய். ஒரு நிறுவனத்தின் சம்பளப்பட்டியல் பிரிவில் முழுநேர வேலை. பள்ளிக்கூட நாட்களில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அப்பால் ஓடிப் பழகியவர் அல்லர். வைத்தியர் நடக்கச் சொன்னதால் நடந்து, நடந்து சலித்ததால் ஓடத் தொடங்கி, நான்கு ஆண்டுகளின் பின்னர் ரொறன்ரோ ஏரிக்கரை மரதனை 4 மணித்தியாலம் 52 நிமிடங்களில் முடித்தார். அந்த ஓட்டம் ஒக்டோபர் நடுப்பகுதியில் நடக்கிறது. ஆகவே முடிவுக்கோட்டைத் தாண்டி மூன்று கிழமைக்குள், கோடைகால நேரம் முடிந்து, கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் பின்னே போய்விடுகின்றன.

இந்த ஊரில் குளிர்காலத்தின் முதல் அடி குளிரிலிருந்து வருவதில்லை, இருட்டிலிருந்துதான் வருகிறது. நவம்பர் முதலாவது ஞாயிறுக்குப் பிறகு பின்னேரம் 5 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். டிசம்பரில் அது 4.40க்கு வந்துவிடும். ஜனவரித் தொடக்கத்தில் 7.50 வரை விடிவதில்லை. அலுவலக வேலை செய்பவர் ஒருவர் திங்கள் முதல் வெள்ளி வரை வெளிச்சத்தில் ஓட வேண்டுமானால் மதிய இடைவேளையைத் தவிர வேறு நேரம் கிடையாது. அதன் பிறகுதான் பனி, பனி உருகித் திரும்ப உறைந்த கண்ணாடி போன்ற நடைபாதை, உப்புத் தண்ணீர் ஊறிய சப்பாத்து எல்லாம் வருகின்றன.

முதலாவது குளிர்காலம்

மரதன் தந்த உற்சாகம் தணியுமுன்னரே அவர் அடுத்த ஆண்டுக்கான இலக்கை எழுதிவைத்தார்: அதே ஓட்டத்தை நாலரை மணித்தியாலத்துக்குள் முடிப்பது. அதற்காகத் தேர்ந்தெடுத்த அட்டவணை கிழமைக்கு ஐந்து நாள், ஏறக்குறைய 50 கிலோமீற்றர் ஓடச் சொன்னது. "இப்ப விட்டா எல்லாம் போயிடும் அண்ணை" என்று சொன்னார். நான் தடுக்கவில்லை, பாராட்டினேன். அந்தக் குளிர்காலம் கெட்டதில் என் பங்கும் இருக்கிறது.

நவம்பர் மாதம் குறிப்பேட்டின் பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. மூன்றாம் கிழமையிலிருந்து ஐந்து நாள் நான்காகிறது, பிறகு இரண்டாகிறது. ஒவ்வொரு வெற்றுக் கட்டத்திலும் அவர் காரணம் எழுதியிருக்கிறார்: "பிந்திவிட்டது", "கையுறை ஒன்றைக் காணோம்", "நாளைக்கு இரண்டையும் சேர்த்து". டிசம்பர் 5ஆம் திகதி 4 கிலோமீற்றர் ஓடியதாகக் குறிப்பு இருக்கிறது. அதற்கு அடுத்த குறிப்பின் திகதி மார்ச் 20. இடையில் 15 கிழமைகள்.

இந்த இடைவெளியைப் பற்றி நாங்கள் இருவரும் அடுத்த கோடையில் ஒரு மேசையில் உட்கார்ந்து கதைத்தோம். டிசம்பர் மாதத்தின் வழமையான ஒரு பின்னேரத்தை, வேலையால் வீடு திரும்பிய கணத்திலிருந்து கதவைத் திறந்து ஓடத் தொடங்கும் கணம் வரை, படிப்படியாகச் சொல்லுமாறு கேட்டேன். வீட்டுக்கு வரும்போது 5.45. உடனே ஓடுவதா, சமைத்துவிட்டு ஓடுவதா? வெளியே பாகை எத்தனை, காற்று எப்படி? அந்தக் குளிருக்கு மேற்சட்டை இரண்டா, மூன்றா? போன முறை தோய்த்த காலுறை காய்ந்துவிட்டதா? கையுறை எங்கே? மாநகரசபை வாகனம் நடைபாதையை வழித்துவிட்டதா, இல்லாவிட்டால் வீதியில் ஓடுவதா? கைபேசியில் மின்கலம் போதுமா? இரவுச் சாப்பாட்டை யார் சூடாக்குவது? எண்ணிப் பார்த்தபோது பதினொரு முடிவுகள் வந்தன. அவற்றில் ஒன்றுகூட ஓடும் செயலைப் பற்றியது அல்ல. கோடையில் இதே பட்டியலை எடுத்தால் இரண்டுதான்: சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல். பதினொன்றில் எந்த ஒன்றில் தடக்கினாலும் அன்றைய ஓட்டம் போய்விடும். அப்படித் தடக்கியதையெல்லாம் சேர்த்துத்தான் அவர் "பஞ்சி" என்று பெயர் வைத்திருந்தார்.

உடல் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். நீண்ட காலம் பயிற்சி பெற்ற ஏழு பேரை 84 நாட்கள் பயிற்சி செய்யாமல் இருக்கச் செய்து எட்வர்ட் கொய்லும் அவருடன் இருந்தவர்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச ஒட்சிசன் அளவு முதல் 21 நாட்களில் 7 வீதம் குறைந்து, 56 நாட்களுக்குப் பின்னர் 16 வீதக் குறைவில் நிலைத்து நின்றது. எங்கள் ஓட்டக்காரருக்கு எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை. ஆனால் மார்ச் 20ஆம் திகதி 5 கிலோமீற்றருக்குள் இரண்டு தரம் நடந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பதறிப்போய் ஏப்ரலில் ஒரேயடியாகத் தூரத்தைக் கூட்டினார். மே மாதம் முன்னங்கால் எலும்பின் ஓரத்தில் நோவு தொடங்கியது. ஆறு கிழமை ஓட முடியவில்லை. அந்த ஒக்டோபர் மரதனை அவர் ஓடவில்லை. குளிர்காலத்தில் ஓடாததைவிட, ஓடாத குளிர்காலத்தை வசந்தத்தில் ஈடுகட்ட முயன்றதுதான் அவருக்குக் கூடிய சேதத்தைச் செய்தது என்பது என் எண்ணம்.

இரண்டாவது குளிர்காலத்துக்குச் செய்த மாற்றங்கள்

முதலில் குறைத்தோம். ஐந்து நாளை மூன்றாக்கினோம். இதற்கு அவர் இலகுவில் இணங்கவில்லை. குறைத்தால் மரதனுக்குக் கட்டிய உடல் கரைந்துவிடும் என்ற பயம் விடவில்லை. றொபேர்ட் ஹிக்சன் 1980களின் முற்பகுதியில் செய்த தொடர் ஆய்வுகளைச் சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். பத்துக் கிழமைகள், கிழமைக்கு ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்கள், பின்னர் நாட்களை இரண்டாகக் குறைத்தபோதும், வேறு ஒரு ஆய்வில் நேரத்தை 13 நிமிடமாகக் குறைத்தபோதும், உச்ச ஒட்சிசன் அளவை 15 கிழமைகள் காப்பாற்றிக்கொண்டார்கள். கடுமையைக் குறைத்தபோதுதான் அது இறங்கியது. அதாவது குளிர்காலத்தில் தூரத்தையும் நாட்களையும் விட்டுக்கொடுக்கலாம். கிழமைக்கு ஒரு நாளாவது மூச்சு வாங்க ஓடுவதை விட்டுக்கொடுக்கக்கூடாது. நம்மவர்களில் பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். எல்லா நாளும் ஆமை வேகத்தில் ஓடிவிட்டு, தூரம் குறைந்ததற்காக மனம் நொந்துகொள்கிறார்கள்.

மூன்று நாட்களையும் அவரே தெரிவு செய்தார். செவ்வாய் காலை 5.40க்கு 45 நிமிட மெதுவோட்டம். வியாழன் பின்னேரம் உடற்பயிற்சி நிலையத்தின் ட்ரெட்மில்லில் 40 நிமிடம். அதில் மூன்று நிமிடம் கடுமை, இரண்டு நிமிடம் மெதுவென்று ஐந்து சுற்று. ட்ரெட்மில்லை 1 வீதச் சரிவில் வைத்தால் வெளியில் காற்றை எதிர்த்து ஓடும் உழைப்புக்கு ஏறக்குறைய ஈடாகும் என்று 1996இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் அவருடைய வேகத்தில் அந்த வித்தியாசம் பெரிதில்லை, ஆகவே அதைப் பற்றி மண்டையை உடைக்க வேண்டாம் என்று சொன்னேன். ஞாயிறு குழுவோடு நீண்ட ஓட்டம்.

இரண்டாவதாக, அந்தப் பதினொரு முடிவுகளை முதல் நாள் இரவுக்கு மாற்றினோம். நிலத்தில் சூடான காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் உடுப்பு முழுவதும், போடும் ஒழுங்கிலேயே அடியிலிருந்து மேலாக அடுக்கப்பட்டிருக்கும். கையுறைகள் இரண்டும் ஒரு உடுப்புக் கவ்வியில் சேர்த்துக் கவ்வப்பட்டிருக்கும். குளிர்நிலைக்கு எத்தனை உடுப்பு என்பதைக் கதவின் உட்புறத்தில் ஒரு துண்டில் எழுதி ஒட்டினார்: 0 பாகை வரை இரண்டு, சைபருக்குக் கீழே 10 வரை இரண்டும் காற்றுத் தடுப்பும், அதற்குக் கீழே மூன்றும் முகமூடியும். காற்றையும் சேர்த்துக் குளிரைக் கணிக்கும் காற்றுக்குளிர்ச் சுட்டெண் சைபருக்குக் கீழே 28ஐத் தொட்டால் வெளியே போவதில்லை. கனடாச் சுற்றாடல் திணைக்களத்தின் அட்டவணைப்படி அந்த நிலையிலிருந்து மூடப்படாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். துண்டு சொல்வதைச் செய்வதுதான் மிச்சம். அது சரியா பிழையா என்று காலையில் யோசிப்பதில்லை.

சப்பாத்து விடயத்தில் அவர் காட்டிய ஈடுபாட்டைத் தனியே சொல்லத்தான் வேண்டும். பழைய சப்பாத்துச் சோடி ஒன்றை எடுத்து, வன்பொருட் கடையில் வாங்கிய முக்கால் அங்குலத்தில் பாதி நீளமான, அறுகோணத் தலையுள்ள தகட்டு ஸ்குரூக்களை அடிப்பாகத்தில் தானே திருகினார். முன்பாதத்தின் விளிம்பைச் சுற்றி எட்டு, குதிக்காலில் நான்கு. நடுவில் ஒன்றுமில்லை, ஏனென்றால் அங்கே அடிப்பாகம் மெலிது, கூர் உள்ளே குத்தும். உறைந்த நடைபாதையில் அந்தத் தலைகளின் விளிம்பு கடித்துப் பிடிக்கும். பனியில்லாத சீமெந்தில் அவர் வரும்போது மட்டும் குதிரை வருவது போலச் சத்தம் கேட்கும். கடையில் விற்கும் இரும்புச் சுருள் பட்டிகளைவிட இது மலிவு. அதைவிட முக்கியமாக, அதைச் செய்து முடித்த அன்றே அவர் ஓடிப்பார்க்க வெளியே போனார்.

மூன்றாவதாக ஒரு பந்தயம். ஒக்டோபர் இலக்கு நவம்பரில் இருந்து பார்க்கும்போது பதினொரு மாதத் தூரத்தில் இருக்கிறது. அதற்காக இன்று காலை எழும்ப வேண்டும் என்று எந்த மனிதருக்கும் தோன்றாது. மார்ச் கடைசியில் ஹமில்ரனில் நடக்கும் "அரவுண்ட் த பே" 30 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு அவர் டிசம்பர் முதலாம் கிழமையிலேயே பதிவு செய்தார். 1894இல் தொடங்கிய இந்த ஓட்டம் பொஸ்ரன் மரதனைவிட மூன்று ஆண்டுகள் மூத்தது. 1906இல் ஏதென்ஸில் மரதனை வென்ற ஹமில்ரன்காரர் பில்லி ஷெரிங்கும், அடுத்த ஆண்டு பொஸ்ரனை வென்ற பழங்குடி ஓட்டக்காரர் ரொம் லோங்போட்டும் இங்கே வென்றவர்கள்தான். வரலாறு எங்கள் ஓட்டக்காரரைப் பெரிதாகக் கவரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவரைக் கவர்ந்தது கட்டிய காசு திரும்ப வராது என்பதும், பயிற்சி முழுவதும் குளிர்காலத்துக்குள்ளேயே முடிந்தாக வேண்டும் என்பதும்தான்.

நான்காவது மாற்றம் திட்டத்தில் இருக்கவில்லை. இரண்டு வீதி தள்ளி இருக்கும், அவரைவிடப் பத்து வயது மூத்த ஒரு அக்கா, நீரிழிவுக்காகக் காலையில் நடந்துகொண்டிருந்தவர், "பிள்ளை, நானும் வரட்டே?" என்று கேட்டார். செவ்வாய் 5.40க்கு வீதி முனைத் தபால் பெட்டியடியில் சந்திப்பதென்று முடிவாயிற்று. அக்காவுக்காக முதல் இரண்டு மாதம் அவர் வேகத்தைக் குறைத்து, பாதி ஓட்டம் பாதி நடையாகப் போனார். நான் அதை விரும்பவில்லை. கிழமைக்கு மூன்றே நாட்கள் இருக்கும்போது ஒன்று வீணாகிறதே என்று நினைத்தேன். என் நினைப்பு பிழை.

என்ன நடந்தது

நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் கடைசி வரை 20 கிழமைகளில் 60 ஓட்டங்கள் திட்டமிடப்பட்டன. 47 நடந்தன. ஆறு, ஜனவரிக் கடைசியில் வந்த காய்ச்சலில் போயின. மற்ற ஏழில் ஐந்து பெப்ரவரி கடைசிப் பாதியைச் சேர்ந்தவை. வேலையாட்களின் ஆண்டுச் சம்பளத்தை வரிக்காகக் காட்டும் டி4 படிவங்களை மாத முடிவுக்குள் கொடுத்து முடிக்க வேண்டியதால் சம்பளப்பட்டியல் பிரிவில் இருப்பவர்களுக்கு அது மூச்சு விட முடியாத காலம். அடுத்த ஆண்டு அந்த இரண்டு கிழமையைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். நடந்த 47இல் ஒன்பது, பத்து நிமிடம் மட்டும் ஓடித் திரும்பியவை. பத்து நிமிடத்துக்குப் பிறகும் மனமில்லையென்றால் திரும்பிவிடலாம், அதுவும் ஓட்டமாகவே கணக்கில் சேரும் என்று முன்னரே பேசியிருந்தோம்.

ஜனவரி நடுப்பகுதியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர்களோடு நானும் போனேன். வெப்பமானி சைபருக்குக் கீழே 14, காற்றோடு 23. தபால் பெட்டியடியில் அக்கா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். கழுத்துத் துணியில் மூச்சு உறைந்து வெள்ளை விளிம்பு கட்டியிருந்தது. எங்கள் ஓட்டக்காரர் முனையால் திரும்பும்போதே ஸ்குரூச் சத்தம் கேட்டது. "அக்கா, எனக்கு இண்டைக்கு வர விருப்பமே இல்லை." "எனக்கும்தான் பிள்ளை. நீ நிப்பாய் எண்டுதான் வந்தனான்." அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. 40 நிமிடம் ஓடினோம். திரும்பி வரும்போது எங்கள் ஓட்டக்காரருடைய இமைமயிர்கள் ஒட்டிக்கொண்டதால் கையுறையைக் கழற்றி விரலால் உருக்க வேண்டியிருந்தது.

காய்ச்சலுக்குப் பிறகுதான் முதலாவது குளிர்காலம் திரும்ப வருமோ என்ற பயம் வந்தது. இரண்டு கிழமை விட்டாயிற்று, இனி என்ன என்ற அதே பேச்சு அவர் வாயில் வந்தது. லண்டனில் 96 பேரின் புதிய பழக்கங்களைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியான ஆய்வில், பழக்கம் தன்னியல்பாகப் படிய எடுத்த காலத்தின் நடுப்பெறுமதி 66 நாட்கள்; ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு தரம் தவறவிட்டது பழக்கம் படிவதை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. இரண்டு கிழமைக்கு அந்த முடிவு பொருந்துமென்று சொல்ல முடியாது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை வந்தது, தபால் பெட்டியடியில் ஆள் நின்றது, அவர் போனார். எட்டு நிமிடம் ஓடி மிச்சத்தை நடந்ததாகக் குறிப்பு இருக்கிறது.

ஹமில்ரனில் 30 கிலோமீற்றரை 3 மணித்தியாலம் 29 நிமிடத்தில் முடித்தார். கடைசி 10 கிலோமீற்றரில் வரும் மேடுகளில் இரண்டு தரம் நடந்தார். ஏப்ரலில் தூரத்தைக் கூட்டும் அவசரம் இருக்கவில்லை. முன்னங்கால் நோவும் வரவில்லை. அந்த ஒக்டோபரில் மரதனை 4 மணித்தியாலம் 37 நிமிடத்தில் முடித்தார். நாலரை இன்னும் கைகூடவில்லை.

இதிலிருந்து எதைச் சொல்லலாம்

நான்கு மாற்றங்களை ஒரே குளிர்காலத்தில் செய்ததால் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். அந்த ஆண்டு மூத்த பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டதால் வீட்டில் அவருக்கு நேரமும் கொஞ்சம் கூடியிருந்தது. குளிர்காலம் முழுவதும் மனம் இருண்டு, நித்திரை கூடி, எதிலும் பிடிப்பில்லாமல் போகிறவர்களுக்கு இந்த அனுபவம் பொருந்தாது. 1984இல் நோர்மன் ரொசென்தால் விபரித்த பருவகால மனச்சோர்வு ஒரு நோய், அதற்கு வைத்தியரிடம் போக வேண்டும், நாற்காலியில் உடுப்பு அடுக்கிப் பயனில்லை. எங்கள் ஓட்டக்காரருக்கு அந்த அறிகுறிகள் இருக்கவில்லை.

நான் முதலில் நம்பியது பந்தயத்தைத்தான். பந்தயப் பதிவுதான் அவரை இழுத்துச் சென்றது, மற்றவை துணைக்கு நின்றன என்று குழுவில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். மூன்றாவது குளிர்காலம் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பைத் தானாகவே தந்தது. செப்ரெம்பரில் அந்த அக்கா மகளின் குடும்பத்தோடு கிழக்கே உள்ள அஜக்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். மற்ற எல்லாம் அப்படியே இருந்தன: அதே ஹமில்ரன் ஓட்டம், அதே நாற்காலி, கதவில் அதே துண்டு, அடிப்பாகத்தில் புதிய ஸ்குரூக்கள்.

நவம்பர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் கடைசி வரையான எட்டுக் கிழமைகளில் வியாழன் ஓட்டங்கள் ஏழு நடந்தன. ஞாயிறு ஓட்டங்களும் ஏழு. செவ்வாய் ஓட்டங்கள் இரண்டு. வெற்றுக் கட்டங்களில் அவர் காரணம் எழுதவில்லை. கேட்டபோது, "உடுப்பெல்லாம் போட்டனான் அண்ணை. கதவடியில நிண்டிட்டுத் திரும்பி வந்திட்டன்" என்றார். வியாழனில் உடற்பயிற்சி நிலையத்தின் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஞாயிறுக்கு நாங்கள் இருக்கிறோம். செவ்வாயில் மட்டும் ஒருவரும் இல்லை. நான் வீணென்று நினைத்த அந்தப் பாதி ஓட்டம் பாதி நடைதான், அந்த நாளைத் தாங்கிக்கொண்டிருந்தது.

ஜனவரி பிறந்த பிறகு அக்கா ஒரு வழி சொன்னார். செவ்வாய் 5.35க்கு அவர் அஜக்ஸிலிருந்து தொலைபேசி எடுக்கிறார். இருவரும் கதைத்தபடியே அவரவர் வீட்டுக் கதவைத் திறந்து, அவரவர் வீதியில் இறங்கி ஓடுகிறார்கள். குளிரில் மின்கலம் சடுதியாக இறங்குவதால் கைபேசி உள்சட்டைக்குள் இருக்கிறது. இதுவரை இரண்டு செவ்வாய்கள் வந்தன, இரண்டும் நடந்தன. இரண்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மார்ச் கடைசியில் கட்டங்களைத் திரும்ப எண்ணிப் பார்ப்பதென்று பேசி வைத்திருக்கிறோம்.